அமலோற்பவத்தின் குதிகால்

முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் காலைப் பிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். கல்யாண வீடுகளில் எங்கள் மச்சான் என்னை அறிமுகப்படுத்துவதே அப்படித்தான். "இவரு ஊருல இருக்கிற பெரிய மனுஷங்க காலையெல்லாம் புடிச்சி மேல வந்தவரு" என்பார். சிரித்து வைப்பேன். பிசியோதெரபி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்தில் வேலைக்கு வந்தவனுக்கு மச்சானின் விளக்கமே தேவலாம் என்றுதான் தோன்றும்.

போன மே மாதம் ஓய்வு பெற்றேன். போன வாரம், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண் போன் செய்தாள். பாதத்தை வைத்தால் எங்கெங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கலர் கலராகப் படம் காட்டும் மெஷின் வந்திருக்கிறதாம். "சார், இனிமே ஆளையே பாக்க வேணாம். பாதத்த வச்சா போதும், எல்லாத்தையும் அதுவே சொல்லிடும்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆளைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்து இருபத்தைந்து வருடம் ஓட்டியவன் நான். அதனால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. போனில் சொல்ல முடிகிற விஷயமாக அது இல்லை.

கம்மாபுரம் பக்கம் எங்கள் ஊர். கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம். பி.யூ.சி. முடித்துவிட்டுச் சென்னைக்குப் படிக்கப் போனேன். படித்ததில் பாதி மறந்துவிட்டது. முதல் மாதம் வாத்தியார் சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை: ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பு. இரண்டு பாதத்துக்கும் ஐம்பத்திரண்டு. உடம்பிலுள்ள மொத்த எலும்பில் கால்வாசி நாம் செருப்புக்குள் போட்டு மறந்துவிடுகிற இடத்தில் இருக்கிறது. அன்று வாயைப் பிளந்தவன்தான். அப்போதே பாதத்தின் மேல் ஒரு பித்துப் பிடித்துவிட்டது.

கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. முதல் வருடம் பெண்கள் யாரும் என்னிடம் வரமாட்டார்கள். வந்த ஒரு அம்மாவும், புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் ஏற்றச் சொன்னதும், "எனக்கு வலியே இல்ல தம்பி" என்று எழுந்து போய்விட்டார். யோசித்து நானே ஒரு வழி செய்தேன். பெஞ்சுக்கு மேலே ஒரு கம்பி கட்டி, அதில் பச்சைத் துணியில் திரை தொங்கவிட்டேன். திரை உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் வரை இறங்கும். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பாதம் மட்டும் திரைக்குக் கீழே இந்தப் பக்கம் வரும். என் முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பாதங்களுக்கு வேலை பார்ப்பேன்.

திரைக்குப் பெரிய பேர் வந்தது. "அந்த சார்கிட்ட போங்க, மூஞ்சியக்கூட பாக்க மாட்டாரு" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்கள். அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் உண்டா? எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. பாதத்தைப் பார்த்தே வேலையைச் சொல்வேன். குதிகால் வெடிப்பில் வெள்ளை பூத்திருந்தால் மீன் மார்க்கெட். வலது பாதத்தின் முன்பக்கம் காய்த்திருந்தால் தையல் மிஷின். கணுக்காலில் வட்டமாகத் தழும்பு இருந்தால் சிப்காட்டில் கம் பூட் போட்டு வேலை செய்கிறவர். திரைக்கு அந்தப் பக்கம் "அய்யய்யோ, எப்படி சார்?" என்று குரல் கேட்கும். அந்த ஆச்சரியத்தை ருசித்தே காலத்தை ஓட்டினேன்.

குதிகால் வலிக்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவது போல் வலித்து, நாலு எட்டு நடந்ததும் குறைகிறதா என்று கேட்பேன். ஆமாம் என்றால் உள்ளங்கால் சவ்வில் வீக்கம். முதலில் உருக்கிய மெழுகை இளஞ்சூட்டில் பாதத்துக்கு ஏழு தடவை பூசி, துண்டால் சுற்றி இருபது நிமிடம். பிறகு அல்ட்ராசவுண்ட் மெஷின்; ஊரில் அதற்கு 'கரண்ட் வைக்கிறது' என்று பேர். அப்புறம் சுவரைப் பிடித்து நின்று கெண்டைக்காலை இழுக்கும் பயிற்சி. தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து அதன் மேல் பாதத்தை உருட்டச் சொல்வேன். கடைசியாக, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு. பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடும். இன்றைக்கும் அப்படித்தான். குதிகால் வலித்தால் உடனே பெரிய வியாதி என்று யாரும் பயந்துவிடாதீர்கள். நான் சொல்ல வருவது சரியாகாமல் போகிறவர்களைப் பற்றி.

அப்படிச் சரியாகாதவர்களை நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சி செய்யவில்லை என்று திட்டினேன்.

இரண்டாயிரத்து நான்கில் பொது மருத்துவராக டாக்டர் மங்கையர்க்கரசி வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை "ராமலிங்கம் சார்" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார். அவர் நோயாளியைப் பார்க்கும் விதமே தனி. வாசலிலிருந்து நடந்து வரும்போதே பார்த்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்ததும் "கையக் குடுங்க" என்பார். அந்தக் கையை உடனே விடமாட்டார். கை சூடா குளிர்ச்சியா, ஈரமா வறட்சியா என்று பார்த்துக்கொண்டே ஊரைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, தூக்கத்தைப் பற்றிக் கேட்பார். வலிக்கிற இடத்தைக் கடைசியில்தான் தொடுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "வலிக்கிற எடம் எங்கயும் ஓடிடாது ராமலிங்கம் சார். மத்ததெல்லாம்தான் ஒளிஞ்சிக்கும்" என்றார்.

வந்த சில மாதத்திலேயே என் மூக்கை உடைத்தார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உள்ளங்கால் எரிச்சலுக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஈரத்துணியில் கால் வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பார். பத்து நாளாக மெழுகு போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் உள்ளே வந்தார். இரட்டைப் பல் வைத்த டியூனிங் ஃபோர்க்கைத் தன் உள்ளங்கையில் தட்டி, அவருடைய கால் பெருவிரல் மேல் நிறுத்தினார்.

"என்னா தெரியுது சார்?"

"இரும்பு வச்சிருக்கீங்க. சில்லுனு இருக்கு."

அதையே மறுபடி தட்டி அவருடைய கழுத்துப்பட்டை எலும்பில் வைத்தார். மனிதர் திடுக்கிட்டார். "அடடா, வண்டு மாதிரி ரீங்காரம் பண்ணுதே!" என்றார். அதே ரீங்காரம் பெருவிரலிலும் ஓடியது. அவருக்குத்தான் அது கேட்கவில்லை. டாக்டர் அவரைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடிய இரண்டாவது நொடியில் சாய்ந்தார். நான் தாங்கிப் பிடித்தேன். சர்க்கரைக்கு எட்டு வருடமாக ஒரே மாத்திரையைச் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையைப் பல வருடம் சாப்பிடும் சிலருக்கு உணவிலிருக்கும் பி-12 உடம்பில் ஒட்டாமல் போகும், நரம்பு பட்டினி கிடக்கும் என்றார் டாக்டர். ரத்தத்தில் பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டார்கள். சில மாதத்தில் எரிச்சல் அடங்கி, அவர் பழையபடி காலையில் நடக்கப் போனார். உணர்ச்சியில்லாத பாதத்துக்குச் சூடான மெழுகு பூசியிருந்தேனே, கொப்பளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வியப்பு பாதி என்றால் எரிச்சல் பாதி. என் பாதங்களுக்குள் இந்த அம்மாவுக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்து, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் அங்கேயும் பார்க்க ஆரம்பித்தோம். நானும் டாக்டரும் மருத்துவமனை வேனில் போவோம். ஒரு அறை அவருக்கு, ஒன்று எனக்கு. நடுவில் பலகைத் தடுப்பு. போன முதல் நாளே நான் செய்த காரியம், பச்சைத் துணி வாங்கித் திரை கட்டியது.

அமலோற்பவம் அங்கேதான் வந்தார். மேல வீதியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடி. உட்கார முக்காலி கிடையாது. உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து மேனேஜர் வருவார். வயது முப்பத்து நாலு என்று சீட்டில் எழுதியிருந்தது. இரண்டு குதிகாலும் வலி. திரைக்குக் கீழே வந்த பாதங்களைப் பார்த்தேன். தோல் வறண்டு, குதிகாலில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. "ஜவுளிக் கடைதானே?" என்றேன். ஆமாம் என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. கரகரவென்று ஆண்பிள்ளைக் குரல். கூட வந்த கணவர் பேசுகிறார் என்றே நினைத்தேன். கணவர் சவரிமுத்து, பட்டறையில் வெல்டர், வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சிலிருந்து ஜூன் வரை வாரத்துக்கு இரண்டு நாள். மெழுகு, கரண்ட், பயிற்சி, செருப்பு, எல்லாம் ஆயிற்று. வலி இம்மியும் குறையவில்லை. மே மாதம், சிதம்பரத்து வெயிலில், "ஃபேன கொஞ்சம் நிறுத்துறீங்களா சார், குளுருது" என்றார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. நகரத்துப் பவிசு என்று நினைத்து நிறுத்தினேன். மெழுகு சுற்றி உட்காரவைத்தால் இருபது நிமிடத்தில் குறட்டை கேட்கும். பயிற்சி செய்தீர்களா என்றால், "முடியல சார், எழுந்திரிக்கவே பிடிக்கல" என்பார். ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"என்னம்மா, உனக்கு வலி காலுல இல்ல. சோம்பேறித்தனம். நான் கரண்ட் வச்சா போதுமா? நீ ஒடம்ப அசைக்க வேணாமா?" என்று வராந்தாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன்.

திரைக்குக் கீழே இருந்த பாதம் இரண்டும் மெல்ல உள்ளே போயின.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருந்தது. அப்படி வளர்ந்தும் வலியே இல்லாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் கைகழுவிவிட ஒரு சாக்கு கிடைத்தது. வெளியூரில் ஒரு அறுவைசிகிச்சை நிபுணருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'எல்லா சிகிச்சையும் அளிக்கப்பட்டது. பலனில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து, என் முத்திரை. அதை நம்பி அவரும் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குள் கால் சரியாக வேண்டும், நிற்க முடியாதவர்கள் வர வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பழைய எக்ஸ்ரேயை வாங்க வந்தார். பழக்கத்தில் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "வியாழக்கெழம காலையில சார். மயக்க மருந்து குடுத்துதான் பண்ணுவாங்களாம். பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"ராமலிங்கம் சார், அங்க யாருக்குத் தொண்ட கட்டியிருக்கு?"

"கட்டல மேடம். அவுங்க கொரலே அப்பிடித்தான்."

"எப்பலேர்ந்து?"

எனக்குத் தெரியவில்லை. நாலு மாதம் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட குரல். எப்போதிலிருந்து என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. திரைக்குள்ளிருந்து பதில் வந்தது: "ரெண்டு வருஷமா மேடம். அதுக்கு முன்ன மாதா கோயில் பாட்டுக் குழுவுல பாடிகினு இருந்தேன்."

டாக்டர் எழுந்து வந்தார். வந்த வேகத்தில் என் திரையை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

அமலோற்பவத்தின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். ஊதிப்போய், வெளிறி, கண்ணிமைகள் தடித்து, புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்து போயிருந்தது. முப்பத்து நாலு வயதுக்கு ஐம்பது சொல்லலாம். டாக்டர் அவருடைய கையை வாங்கி வைத்துக்கொண்டார். கழுத்தைத் தடவினார். எழுந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, மலச்சிக்கல் உண்டா, மாதவிலக்கு எப்படி, முடி கொட்டுகிறதா என்று மெதுவாகக் கேட்டார். கேட்டதெல்லாம் ஆமாம்தான். பிறகு ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் முழங்காலிட்டு, முதுகுப் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பாதம் இரண்டும் நாற்காலிக்கு வெளியே காற்றில் தொங்கின.

"உங்க சுத்தியலக் குடுங்க" என்றார் என்னிடம். நரம்பு பார்க்கிற ரப்பர் சுத்தியல். பல வருடமாக மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன்.

குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் தசை வந்து சேருகிற தடித்த நாணில் லேசாகத் தட்டினார். பாதம் விருட்டென்று பின்னால் உதைத்தது. எல்லோருக்கும் உதைக்கும், உடனே பழைய இடத்துக்கு வந்தும்விடும், கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது. இந்தப் பாதம் வரவில்லை. பின்னால் போன பாதம் கொஞ்சம் நின்றது. அப்புறம் மெல்ல, மெல்ல, யோசித்து யோசித்துத் திரும்பி வந்தது. ஊஞ்சல் நிற்கப் போகும்போது வருகிற கடைசி ஆட்டம் மாதிரி.

"நீங்க தட்டுங்க" என்றார்.

தட்டினேன். மறுபடியும் அதே. இடது காலிலும் அதே. இருபத்தாறு எலும்பையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, இந்தப் பாதம் நாலு மாதமாக என் மடிக்கு முன்னால் இருந்தும் அது சொல்ல வைத்திருந்ததைக் கேட்கத் தெரியவில்லை. கழுத்தில் பட்டாம்பூச்சி அளவு ஒரு சுரப்பி. அது சோர்ந்து போனால் இதயம் மெதுவாகத் துடிக்கிறது, குடல் மெதுவாக அசைகிறது, நினைப்பு மெதுவாக ஓடுகிறது, தொண்டையில் நீர் கோத்துக் குரல் கனக்கிறது, பாதத்துச் சவ்வு தடித்து வலிக்கிறது. அத்தனைக்கும் சாட்சி குதிகால் நாணில் இருக்கிறது! இதை யார் எழுதி வைத்தார்கள் என்று திகைத்து நின்றேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தைராய்டு மொத்தமா படுத்துட்ட மாதிரி தெரியுது. ரத்தம் எடுத்துடலாம். ரிசல்ட் வரட்டும். ஆனா வியாழக்கெழம மட்டும் மயக்க மருந்து குடுக்கக் கூடாது. இந்த ஒடம்பு அதத் தாங்காது ராமலிங்கம் சார். மூச்சு அடங்கிடும். முழிக்காமலே போயிடலாம்."

சவரிமுத்துவை அழைத்துச் சொன்னார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"குதிகாலு வலின்னா நீங்க கழுத்தப் பாக்குறீங்களே மேடம்! நாலு மாசம் இங்க வந்து ஒண்ணும் ஆவல. லீவு போட்டுட்டேன், நாள் குறிச்சாச்சு. இப்ப வந்து வேணாம்ன்றீங்க. ஆடிக்குள்ள நிக்கலன்னா அவ வேல போயிடும். அத யாரு குடுப்பா?"

டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவர் எக்ஸ்ரே உறையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். நீங்கதான சொன்னீங்க, வலி காலுல இல்ல, சோம்பேறித்தனம்னு? வராந்தாவுல உக்காந்து கேட்டுகினுதான இருந்தேன். சார் படிச்சவரு, அவரே சொல்லிட்டாருன்னு வூட்டுக்குப் போயி நானும் அதத்தான் சொன்னேன். தெனமும் சொன்னேன்."

நான் எழுதிய சீட்டு, நான் போட்ட சத்தம். இரண்டையும் சேர்த்துக்கொண்டு அந்த மனிதர் தன் மனைவியை வியாழக்கிழமை மேஜையில் படுக்க வைக்கப் போகிறார். அவரை என்னால் வார்த்தையில் நிறுத்த முடியாது. என் வார்த்தைக்குத்தான் யோக்கியதை போய்விட்டதே.

"சவரி, ஒரு நிமிஷம். இந்த நாற்காலியில முட்டி போடுங்க" என்றேன்.

"எனக்கென்னா சார்?"

"போடுங்க, சொல்றேன்."

சந்தேகமாகப் பார்த்துவிட்டு முழங்காலிட்டார். அமலோற்பவத்தைப் பக்கத்தில் நிற்க வைத்து, பாருங்கள் என்று சொல்லித் தட்டினேன். வெல்டரின் பாதம் வெடுக்கென்று உதைத்து, வெடுக்கென்று திரும்பியது. மறுபடி தட்டினேன். வெடுக், வெடுக். "பாத்துக்கிட்டீங்களா? இப்ப எறங்குங்க." அமலோற்பவத்தை ஏற்றினேன். சுத்தியலைச் சவரிமுத்துவின் கையில் கொடுத்து இடத்தைக் காட்டினேன். "நீங்களே தட்டுங்க. மெதுவா."

தட்டினார். பாதம் பின்னால் போனது. நின்றது. மெல்ல வந்தது.

இன்னொரு தடவை தட்டினார். குனிந்து, முகத்தைப் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது அவளா பண்றதில்லீங்களா?" என்று கேட்டார்.

"யாராலயும் வேணும்னு பண்ண முடியாது. நான் சொன்னது தப்பு சவரி. அவுங்க சோம்பேறி இல்ல. நான்தான் சரியா பாக்கல."

அவர் சுத்தியலை மேஜையில் வைத்தார். எக்ஸ்ரே உறையையும் வைத்தார். "ரத்தம் எடுத்துக்கங்க மேடம்" என்றார்.

முதல் ரிசல்ட் வியாழக்கிழமையே வந்தது. ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய அதே காலை. தைராய்டைத் தூண்டுகிற சுரப்பு, அந்த மெஷின் எண்ணக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டதாகக் காகிதத்தில் போட்டிருந்தது. மூளை கத்திக் கத்திக் கூப்பிடுகிறது, சுரப்பி எழுந்திரிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். டாக்டர் அந்த அறுவைசிகிச்சை நிபுணருக்குப் போன் செய்தார். அவர் நல்ல மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல வேளம்மா" என்று மட்டும் சொன்னாராம். வைட்டமின் டி பார்ப்பதற்கு ரத்தம் சென்னைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து விடை வந்தது. அதுவும் இல்லவே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. அக்னி நட்சத்திரத்தில் தார் உருகுகிற ஊரில், வெயில் படாமல் ஒரு பெண் வாழ்ந்திருக்கிறார்! விடிந்ததும் வீட்டு வேலை, அப்புறம் பன்னிரண்டு மணி நேரம் டியூப் லைட் வெளிச்சம், இருட்டிய பிறகு வீடு. சூரியன் எல்லோருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, மிகக் குறைந்த அளவில் தொடங்கி டாக்டர் மெல்ல மெல்லக் கூட்டினார். அதைப் போட்டு அரை மணி நேரத்துக்குக் காபிகூடக் கூடாது. வாரம் ஒரு நாள் வைட்டமின் டி பொடி பாலில் கலந்து. எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஆடித் தள்ளுபடி தொடங்கியது, கடையில் சொன்னபடியே வேலையும் போனது. அதை என்னால் தடுக்க முடியவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் அவரை அந்த நாற்காலியில் முழங்காலிடச் சொல்லித் தட்டிப் பார்ப்பேன். ஆவணியில் பாதம் கொஞ்சம் சுறுசுறுப்பாக வந்தது. ஐப்பசியில் வெடுக்கென்று வந்தது. அன்று நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டேன். டாக்டர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் திரையை நான் எடுத்துவிட்டேன். பெண் நோயாளிகளுக்குத் துணைக்கு ஒரு நர்ஸை உட்காரச் சொன்னோம். அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த ஏழு வருடமும் வலிக்கிற இடத்தைக் கடைசியாகத்தான் தொட்டேன். சரியாகாத குதிகால்களில் இன்னும் சிலருக்குக் காரணம் கழுத்திலோ ரத்தத்திலோ இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வியப்பு புதிதாகத்தான் வரும்.

அதே வருடம் கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அமலோற்பவம் வந்தார். முக வீக்கம் வடிந்து, புருவம் முளைத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. இன்னொரு கடையில், உட்கார்ந்து பில் போடுகிற வேலை கிடைத்திருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னார். வலி இல்லை. குரல் பெண்குரலாக இருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"சார், உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம்னா தெரியுமா?"

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

"பண்ண பாவத்தயெல்லாம் ஃபாதர்கிட்ட முட்டி போட்டு சொல்லணும். அவரு மன்னிப்பு குடுத்து, இத்தன ஜெபம் சொல்லுன்னு சொல்லுவாரு. எங்களுக்குத் தலையான பாவம் ஏழு இருக்கு சார். அதுல ஒண்ணு சோம்பல். ரெண்டு வருஷமா மாசா மாசம் போயி நான் அதத்தான் சொல்லிகினு இருந்தேன். ஃபாதர், எழுந்திரிக்கப் பிடிக்கல, சோறாக்கப் பிடிக்கல, புள்ளய தூக்கப் பிடிக்கல, நான் சோம்பேறியா இருக்கேன்னு. அவரு ஜெபம் குடுப்பாரு, நானும் சொல்லுவேன். அடுத்த மாசம் பாத்தா இன்னும் ஜாஸ்தி சோம்பல். நம்ம ஜெபம் மேல போகல, கடவுளுக்கே நம்மள பிடிக்கலன்னு முடிவே பண்ணிட்டேன் சார்."

உட்காரச் சொல்லி என் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"போன ஞாயித்துக்கெழம போனேன். முட்டி போட்டேன். சொல்லும்மான்னாரு ஃபாதர். எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல சார். அழுகதான் வந்திச்சி."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். "அந்தப் பாவம் உன்னுது இல்லம்மா. என்னுது" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

"அப்ப வரிசையில நில்லுங்க சார். உங்களுக்கு முன்னால எங்க வூட்டுக்காரரு நிக்கிறாரு."